மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை: யாருக்கு, எப்போது, எதற்கு?

மேட்டுப்பாளையத்திலும் ஈரோட்டிலும் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உடம்பு திடீரென்று குப்பென்று கொதித்து வேர்த்துக் கொட்டினால் வெயில்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் அந்தச் சாக்கு எடுபடாது. ஜனவரியில் தலைக்குந்தாப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்க, வீடே இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருக்க, நள்ளிரவில் ஒருவர் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறக்கிறார் என்றால், அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இதற்கு மருந்து உண்டு. ஹார்மோன் சிகிச்சை என்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை எடுத்ததுமே, "ஐயோ, அது கேன்சர் வரவைக்கும்" என்று ஒருவர் சொல்வார். "இல்லையே, எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதுன்னாங்களே" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எடுப்பவருக்கு என்ன வயது, மாதவிலக்கு நின்று எத்தனை ஆண்டாயிற்று, எந்தத் தொந்தரவுக்காக எடுக்கிறார் என்று கேட்காமல் சொல்லும் பதில் எதையும் நான் நம்புவதில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியாவில் 46, 47 வயதை ஒட்டி. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதிக்கு இதனால் பொறுமை போய்விடுகிறது. உள்வெப்பம் துளி கூடினாலும் போதும், ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடும். வெளியே குளிர் எத்தனை டிகிரி என்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இது ஓரிரு மாதத்தில் ஓய்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வு 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, அடிக்கடி சூடு ஏறும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. சிலருக்கு அறுபதைத் தாண்டியும் விடாது.

அதே சமயம், வேர்த்தால் உடனே மாதவிலக்கு நின்றதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் வேர்க்கும். இரவில் வேர்ப்பதோடு எடை குறைந்து, மாலையில் காய்ச்சலும் இருமலும் இருந்தால் காசநோய்க்குப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி வேர்க்கும். மாதவிலக்கு நின்று பல ஆண்டு நன்றாக இருந்துவிட்டு 65 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வியர்வையை முதலில் வேறு கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.

காசு மிச்சமாகும் ஒரு செய்தி: 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு விலக்கு நின்று, உடம்பும் சூடேறுகிறது என்றால், அதை உறுதிசெய்ய எஃப்எஸ்எச் போன்ற ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. வயதும் அறிகுறியுமே போதும்.

கர்ப்பப்பை இருக்கிறதா?

மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மருந்து எது என்பதே இதைப் பொறுத்தது.

சூட்டைத் தணிப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனால் கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால், கர்ப்பப்பையின் உள்சவ்வு கட்டுப்பாடில்லாமல் தடிக்கும். உரம் போட்டுவிட்டுக் கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலைச் செடி மாதிரி. அந்தத் தடிப்பு நாளடைவில் புற்றுநோயாகவும் மாறலாம். இது முதலிலேயே தெரிந்திருக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பல ஆண்டுகள் தனியாகவே கொடுக்கப்பட்டது. 1975இல்தான் கர்ப்பப்பைப் புற்றுநோயோடு அதற்கிருக்கும் தொடர்பு வெளியே வந்தது. அதன் பிறகு, கவாத்து வேலைக்குப் புரோஜெஸ்டிரானையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. (எது "இயற்கையானது" என்று கேட்டு மருந்து வாங்குபவர்கள் அந்தக் குதிரைகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.)

ஆகவே, கர்ப்பப்பை இருந்தால் இரண்டும். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்றால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும். ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து, சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று பாருங்கள். பலருக்கு அது தெரிவதே இல்லை. முப்பத்தெட்டு வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்ணின் நிலை, இந்தக் கட்டுரையில் வரும் மற்றவர்களின் நிலை போன்றது அல்ல. அவருடைய உடம்பு எட்டு ஒன்பது ஆண்டு முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜனை இழந்திருக்கிறது. தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக விலக்கு நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. எலும்பையும் இதயத்தையும் காப்பதும் இதன் நோக்கத்தில் அடக்கம்.

2002இல் வந்த பயம்

இந்த மருந்தைப் பற்றி இன்றும் சுற்றும் பயத்தின் பெரும்பகுதி ஒரே ஆய்விலிருந்து வந்தது. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பதால் இங்கே சற்று நிற்கலாம்.

பெண்கள் நல முன்முயற்சி என்ற பெயரில் அமெரிக்க அரசு நடத்திய பேராய்வு அது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரானின் வேலையைச் செய்யும் செயற்கை மருந்து) சேர்ந்த மாத்திரை. மறுபாதிக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. வந்தவர்களின் சராசரி வயது 63. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சூட்டைத் தணிக்கிறதா என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். வயதான பெண்களை மாரடைப்பிலிருந்து காப்பாற்றுமா என்றுதான் பார்த்தார்கள். சுமார் ஐந்து ஆண்டில், 2002 ஜூலையில், நன்மையைவிடத் தீமை அதிகம் என்று சொல்லி அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள்.

"மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது" என்பதே உலகம் முழுக்கப் போன செய்தி. நூறு பேர் மாத்திரை போட்டால் 26 பேருக்குப் புற்றுநோய் என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. முப்பதுக்கு மேல் எட்டு என்பதால் சதவீதத்தில் பெரிதாகத் தெரிகிறது. பத்தாயிரத்தில் எட்டு என்று சொல்லியிருந்தால் கேட்பவர் வேறு விதமாக யோசித்திருப்பார். அந்த எட்டுப் பேர் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எட்டுப் பேர் எட்டுக் குடும்பங்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்கு உதவுவது இந்தக் கணக்குதான்.

அதே பத்தாயிரத்தில் மாரடைப்பு முதலிய இதயக் கேடு 7 பேருக்குக் கூடியது, பக்கவாதம் 8 பேருக்குக் கூடியது, நுரையீரலில் ரத்தக்கட்டி 8 பேருக்குக் கூடியது. இன்னொரு பக்கம், இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த இன்னொரு பகுதி 2004இல் நின்றது. அங்கேயும் பக்கவாதம் கூடியது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பின்னாளில் தொடர்ந்து பார்த்தபோது குறைவாகவே இருந்தது. 18 ஆண்டு பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

இந்த எண்களை அப்படியே குன்னூருக்குக் கொண்டுவரவும் முடியாது. அமெரிக்கப் பெண்களைவிட நம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் குறைவு. சர்க்கரையும் மாரடைப்பும் நம்மவர்களை இளவயதிலேயே பிடிக்கின்றன. எனவே இங்கே தராசின் எடை சற்று இதயத்தின் பக்கம் சாய்கிறது. மார்பகத்தை மட்டும் நினைத்துப் பயந்துகொண்டு, பிரஷரைப் பார்க்காமல் மாத்திரை தொடங்குவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு.

ஐம்பதும் அறுபத்தைந்தும் ஒன்றல்ல

வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு; தொந்தரவு கடுமையாக இருந்தால் நன்மையே மிஞ்சும். அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி ஆகிய மூன்றின் வாய்ப்பும் ஏறுகிறது. ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும் வயது அது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதே பேராய்வின் கிளை ஒன்று நினைவாற்றலைப் பார்த்தது. கூட்டு மாத்திரை எடுத்தவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது: பத்தாயிரத்துக்கு 22 என்பது 45 ஆனது. "ஞாபக சக்திக்கு நல்லது" என்று யாராவது எழுபது வயதுப் பாட்டிக்கு இதைச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளில் 2003இலிருந்து இருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. வாட்ஸாப்பில் அது "ஹார்மோனுக்கு ஆபத்தே இல்லை" என்று சுருங்கி வந்திருக்கும். 68 வயதில் புதிதாகத் தொடங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதற்கான எச்சரிக்கையும் நீங்கவில்லை.

ஏற்கெனவே சில ஆண்டுகளாக எடுத்துவரும் பெண் 65ஐத் தொட்டவுடன் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற சட்டமும் கிடையாது. ஆண்டுக்கொரு முறை உட்கார்ந்து, இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரோடு பேசித் தீர்மானிப்பதே முறை. கூட்டு மாத்திரையில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு எடுக்கும் காலத்தோடு சேர்ந்து கூடுவதால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்தத் தொந்தரவுக்கு?

சூடும் வியர்வையும் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போக முடியாத அளவுக்கு இருந்தால், ஈஸ்ட்ரோஜனுக்கு நிகரான மருந்து வேறில்லை. வரும் தடவைகள் முக்கால்வாசி குறைகின்றன. ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு, மனச்சோர்வுக்குத் தரும் வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகளும், நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டினும் ஓரளவு கைகொடுக்கும். சூடு லேசாக இருந்தால் எந்த மருந்தும் வேண்டாம். ஸ்வெட்டர் ஒன்றைத் தடிமனாகப் போடுவதற்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று போட்டால் வேண்டும்போது கழற்றலாம். இரவில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீயை மட்டும் குறைத்துப் பாருங்கள். தேயிலை மலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு உண்மையான தொல்லை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. பிறப்புறுப்பு வறண்டு எரிவது, நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது. சூடு பெரும்பாலும் தானாகத் தணியும். இந்த வறட்சி தானாகத் தணியாது, ஆண்டு கூடக் கூட மோசமாகும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஒதுங்க இடமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்வதும், அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்துவிடுகிறது. மகளிடம்கூடச் சொல்லமாட்டார்கள். டிஸ்பென்சரியில் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இதற்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. உள்ளே தடவிக்கொள்வது. வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. அந்த இடத்தோடு வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மேலே சொன்ன மாரடைப்பு, பக்கவாதக் கணக்குகள் இதற்குப் பொருந்தாது. பொதுவாகப் புரோஜெஸ்டிரானும் சேர்க்க வேண்டியதில்லை. எழுபது வயதிலும் தொடங்கலாம். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் இது குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வயதான பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையில் அதிகம் பயன்படக்கூடியதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்தக் கிரீம்தான் என்பது என் கருத்து. "ஹார்மோன்" என்ற சொல்லைப் பார்த்தே பலர் ட்யூபைத் திறக்காமல் வைத்துவிடுகிறார்கள்.

எலும்பைப் பொறுத்தவரை, விலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக மெலியும். ஹார்மோன் அதைத் தடுக்கும்; நிறுத்தினால் மெலிவது மறுபடியும் தொடங்கும். 67 வயதில் எலும்புக்காக மட்டும் ஹார்மோன் தொடங்குவதில் பொருளில்லை. அலெண்ட்ரோனேட் போன்ற தனி மருந்துகள் அதற்கு இருக்கின்றன. மழையில் வழுக்கும் படிக்கட்டும் சரிவுப் பாதையும் உள்ள ஊரில் கைப்பிடிக் கம்பி போடுவதும், மேகமூட்டத்தில் வெயிலே படாமல் கம்பளிக்குள் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி பார்ப்பதும் அதே அளவு முக்கியம். இயல்பான வயதில் விலக்கு நின்றவர்கள் இதயத்தைக் காக்க, சர்க்கரையைத் தடுக்க, தோல் மினுங்க என்றெல்லாம் இதை எடுக்க வேண்டியதில்லை. நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இலும் உறுதிபடச் சொல்லியிருக்கிறது.

யார் எடுக்கக் கூடாது

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் மாத்திரையாக எடுக்கக் கூடாது.

நீலகிரியில் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய். இந்தியாவில் இந்தக் குறைபாட்டை முதலில் கண்டறிந்ததே இந்த மலையில்தான். 1952இல் லேமனும் கட்புஷும் இங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் அது இன்றும் உண்டு. அந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் கட்டும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம்; ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதை இன்னும் கூட்டும். கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து வருபவர்கள் தங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அரிவாள் செல் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். கோவை மருத்துவருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம்.

ரத்தக்கட்டி பயம் ஓரளவு உள்ளவர்களுக்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு, மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் ஏற்றது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தம் உறைவதற்கான பொருள்களைக் கூடுதலாக உண்டாக்க வைக்கிறது. தோல் வழியே போகும் மருந்து கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால், வழக்கமான அளவில் ரத்தக்கட்டி வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

மருத்துவரிடம் போகும்போது

கடைசியாக விலக்கான ஆண்டு, ஆபரேஷன் சீட்டு, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள், வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ இளவயது மாரடைப்போ வந்ததா என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் குறித்துத் தந்த சீட்டு இருந்தால் அதையும். ஒரு நாள் பார்த்த பிரஷரைவிடச் சில மாதக் கணக்கு மருத்துவருக்குப் பயன்படும். தொடங்குவதற்கு முன் மேமோகிராம் எடுத்துவிடுவது நல்லது.

தொடங்கினால் மூன்று மாதத்தில் ஒரு முறை காட்ட வேண்டும். முதல் சில மாதம் மார்பு கனப்பதும் திட்டுத்திட்டாக ரத்தம் படுவதும் உண்டு, பெரும்பாலும் அடங்கிவிடும். கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் நேரமாகும் என்பதால் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய ஆபரேஷன் இருந்தால் மாத்திரையைச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எனவே எலும்பு மருத்துவரிடமும் இதை மறைக்கக் கூடாது.

மருந்து தொடங்கிய முதல் சில மாதத் திட்டுகளைத் தவிர, மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், விலக்கு முழுதாக நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "திரும்ப வந்துடுச்சு போல" என்று விட்டுவிடாமல் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.